கிராப்பிள் இலக்கணச் சுருக்கம்

நுதலிய பொருள்: சிறு டிராக்டரின் லோடர் கையில் மாட்டும் இரும்புத் தாடை. கேட்போர்: அமெரிக்க நாட்டுப்புறத்தில் ஐந்து ஏக்கர் நிலமும் 25 குதிரைத்திறன் டிராக்டரும் உடையார். பயன்: வாங்கிய பின் தெரியும்.

கிராப்பிள் பலவகைப்படும். புதரும் வேரும் வாருவது ஒன்று. மண்ணை உதிர்த்துக் கல்லை நிறுத்துவது ஒன்று. பக்கெட்டுக்கு மூடி வைத்தது ஒன்று. மூடி ஒன்றா இரண்டா என்பது தனி வாதம். ஒருபுறம் தடித்தும் மறுபுறம் மெலிந்தும் கிடக்கும் கிளைக் குவியலை இரட்டை மூடி தனித்தனியே கவ்வும். ஒற்றை மூடி தடித்ததைக் கவ்வி, மெலிந்ததை இறைவன் பொறுப்பில் விடும். ஆயினும் 4 அடி அகலத்துக்குள் இரண்டு மூடி ஆடம்பரம் என்பதே என் துணிபு.

இனி எடை. கற்றோரும் இடறும் இடம் இதுவே. லோடர் 450 கிலோ தூக்கும் என்று கையேடு சொன்னால், அது பெரும்பாலும் கையின் நுனியிலுள்ள இணைப்பாணியில் அளந்த கணக்கு. அங்கே 150 கிலோ கிராப்பிளை மாட்டியதும் மிச்சம் 300. சுமை அந்த ஆணிக்கும் முன்னே தள்ளி நிற்பதால் அந்த 300-உம் முழுதாகக் கிட்டாது. 40 செ.மீ. விட்டமும் 3 மீட்டர் நீளமும் கொண்ட பச்சை ஓக் தடியோ ஏறக்குறைய 375 கிலோ. எனவே நிறையத் தூக்க ஆசைப்பட்டுப் பெரிய கிராப்பிள் வாங்கியோர், பெரும்பாலும் கிராப்பிளையே தூக்குவர்.

முன்னே சுமை ஏறினால் பின் சக்கரம் தரையை மறக்கும். ஆகவே பின்னாலும் எடை கட்டுக: கான்கிரீட் பெட்டி, அல்லது டயருக்குள் திரவம். வடமாநிலக் குளிரில் வெறும் நீர் உறைந்துவிடும் என்பதால் சர்க்கரை பீட் கிழங்கின் சாற்றை நிரப்புவோர் உளர். இது பகடி அன்று. சுமையைத் தாழ்த்தியே ஓட்டுக. கவிழ்வுக் காப்புச் சட்டத்தை நிமிர்த்தி, இருக்கைப் பட்டையை மாட்டுக. வேரூன்றிய கட்டையை ஒரு மூலைப் பல்லால் நெம்பற்க. கட்டை இருக்கும், லோடர் கை முறுகும்.

தாடையைத் திறந்து மூடத் தனி ஹைட்ராலிக் வழி வேண்டும். மூன்றாம் வால்வு இருந்தால் சாய்த்துக்கொண்டே கவ்வலாம். இருக்கும் வழியையே திருப்பிவிடும் டைவர்ட்டர் மலிவு, ஆனால் கவ்வும்போது சாயாது, சாயும்போது கவ்வாது.

மாட்டும் முகத்திலும் பேதம் உண்டு. ஜான் டீரின் சிறு டிராக்டர்கள் தமக்கென ஒரு கொக்கி வைத்துள்ளன; மற்றவர் பலரும் ஸ்கிட் ஸ்டீர் தட்டை ஏற்றவர். வடகலை, தென்கலை வழக்குப் போன்றதாகையால், காசு கொடுக்குமுன் நெற்றியைப் பார்த்துக்கொள்க.

ஒரு நாள் வாடகைக்குப் பெரிய இயந்திரத்தை வரவழைத்தால் வேலை முழுதும் முடிந்துவிடுமே எனின், முடிந்துவிடும். அதன்பின் சனிக்கிழமைகளில் டிராக்டரை என்ன செய்வது என்பதற்கு விடை கூறாமையின், அக்கூற்றுப் பொருந்தாது என்க.