தெம்பே புளிக்குழம்பு

ஏம்ப்பா தம்பி, மூஞ்சி ஏன் தொங்குது? என்னது, கோலாலம்பூர் ஓட்டல்ல பட்டறையா? 'நீ யார்?'னு சொல்லித் தர்றாங்களா? கட்டணம் 200 வெள்ளியா? ஏண்டா, உங்கப்பனைக் கேட்டா ஓசியிலயே சொல்வானே!

நேத்து சாயங்காலம் உன்னை ரோட்டோரத்துல பாத்தேன்டா. டுரியான் விக்கிற மாக்சிக் அம்மாகிட்ட மலாய்ல கொஞ்சிக்கிட்டு நின்னே. பழத்தைக் காதுகிட்ட வச்சுக் குலுக்கினே. மோந்து பாத்தே. உதட்டைப் பிதுக்கினே. அஞ்சு வெள்ளி குறைஞ்சுது. பக்கத்துல மீன்கடை முதலாளி தவுக்கேகிட்ட சீனத்துல என்னமோ சொன்னே, அவன் சிரிச்சுக்கிட்டே ரெண்டு நண்டைச் சும்மா போட்டான். அங்கயே போனை எடுத்து உங்கம்மாகிட்ட நல்ல தமிழ்ல ஒரு பொய் சொன்னே. வீட்டுக்கு வந்து, "தாத்தா, நான் ரெண்டு பண்பாட்டுக்கு நடுவுல தொலைஞ்சு போயிட்டேன்"கிறே. தொலைஞ்சவனுக்கு எவன்டா நண்டு குடுப்பான்?

அந்த மாக்சிக் யாருன்னு நெனச்சே? அவ தாத்தன் ஜாவாவுலேர்ந்து வந்தவன். வீட்டுல இன்னும் ஜாவாப் பேச்சுதான். அவ எந்தப் பட்டறைக்குப் போனா? டுரியான் முடிஞ்சா, அவங்க ஊர் சோயாக் கட்டி, அந்தத் தெம்பேயை விப்பா, அவ்வளவுதான்.

அவளை விடு, சுத்தி நிக்கிற எண்ணெய்ச் செம்பனையைப் பாரு. 1917ல ஃபோகோனியேன்னு ஒரு துரை, பத்தாங் பெர்ஜுந்தாய் பக்கம் தென்னமரம்ங்கிற தோட்டத்துல இதை நட்டார். இந்த நாட்டுல வியாபாரத்துக்குன்னு நட்ட மொத செம்பனை அதான். மரம் ஆப்பிரிக்கா. துரை பிரான்சு. தோட்டத்துப் பேரு தமிழ். ஊருப் பேரைக்கூட பின்னால பெஸ்தாரி ஜெயான்னு மாத்திட்டாங்க. அதுக்காகச் செம்பனை குலை தள்ளாம நின்னுச்சா?

மரத்துக்கு என்ன தெரியும்னு மொறைக்காதே. மனுசக் கதையே சொல்றேன். எங்க அத்தை இந்தியாவுலேர்ந்து கைக்குழந்தையா வந்தவ. தோட்டத்துக்கு ஆள் சேக்கிற கங்காணி கூட்டியாந்த கூட்டம். புள்ளைங்களைப் பாத்துக்கிற ஆயாக்கொட்டாயில வளந்து, ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுல பேர் குடுத்து, பால்மரம் வெட்டியே கை காப்புக் காச்சுது. சுதந்தரம் வந்தப்ப குடியுரிமைக்குப் பாரம் எழுத வழி தெரியல, அடையாள அட்டை சிவப்பாவே நின்னு போச்சு. 1969ல, குடியுரிமை இல்லாதவங்க வேலை செய்ய பெர்மிட் வேணும்னுட்டாங்க. தோட்டத்து லயத்துல வரிசையா வீடுங்க பூட்டிக் கெடந்துச்சு. அத்தையும் இந்தியாவுக்குப் போற ரஜுலா கப்பல் ஏறினா. இங்க இருந்தவரைக்கும் அவ இந்தியாக்காரி. அங்க போய் எறங்கினா மலாயாக்காரி. நடுவுல மாட்டறதுன்னா அதான்டா தம்பி. அவ தொலையல, அவளைத் தொலைச்சுட்டாங்க. உன் பையில குடிமகனோட நீல அட்டை கெடக்கு. வாயில நாலு பாஷை கெடக்கு. ரெண்டு பந்தியிலயும் தின்னவன் பட்டினின்னு அழுத கதையால்ல இருக்கு!

அந்த 200 வெள்ளியை இங்க குடு. மாக்சிக்கிட்ட தெம்பே வாங்கியாரச் சொல்றேன். உங்க பாட்டி அதைப் போட்டுப் புளிக்குழம்பு வப்பா. தின்னுட்டு, அது எந்த ஊர்க் குழம்புன்னு சொல்லு பாப்போம். தெரியலையா? இன்னொரு கரண்டி ஊத்திக்க.