பயம் வேண்டாம், சேருங்கள்

கேள்வி: பி.ஏ. ஆங்கில இலக்கியம் சேர ஆசை. "கதை படிக்க எதுக்கும்மா காலேஜ்?" என்கிறார் அப்பா. அதைப் படித்தால் தமிழில் எழுத வராமல் போய்விடுமோ என்று எனக்கும் உள்ளூர உதறல்.
– ஒரு வாசகி, சேலையூர்

பதில்: தாராளமாகச் சேருங்கள். உங்கள் வீட்டுப் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. சென்னைக் கிறித்துவக் கல்லூரி 1937இல் தாம்பரத்துக்கு வருமுன் ஜார்ஜ் டவுனில் இருந்தது. அங்கே படித்து அங்கேயே தமிழ் நடத்தியவர் வி.கோ. சூரியநாராயண சாஸ்திரியார். ஷேக்ஸ்பியரைக் கரைத்துக் குடித்த வில்லியம் மில்லர் முதல்வராக இருந்த காலம் அது. ஆங்கிலக் கவிதை சாஸ்திரியாரின் தமிழைக் கெடுத்ததா? ஆங்கிலத்தின் பதினான்கு வரி சானெட்டைப் பார்த்துத் தமிழில் பாட்டுக் கட்டினார். 'பரிதிமாற் கலைஞர்' என்ற புனைபெயரில் அது 'தனிப்பாசுரத் தொகை' என்ற நூலாக வந்தது. அதை ஜி.யு. போப் ஆங்கிலமாக்கினார்! தமிழ் செம்மொழி என்று அன்றே வாதாடியவரும் இவர்தான். 1903இல், 33 வயதில் போய்விட்டார். நினைத்தால் இன்றும் ஆற்றாமைதான்.

அப்பா சொல்வதில் பாதி நியாயம். கதை படிக்கக் கல்லூரி வேண்டாம். ஒரு வரி நம்மை ஏன் உலுக்குகிறது என்று அறிய நல்ல ஆசிரியரும், ஒத்துக்கொள்ளாமல் சண்டை பிடிக்கத் தோழிகளும் வேண்டும். அது கல்லூரியில்தான் கிடைக்கும்.

அட்மிஷன் வரும்வரை சும்மா இருக்காதீர்கள். பீச் ரயிலில் ஏறும் பூக்காரம்மா கூடை வைக்க இடம் கேட்கிற தோரணையை, அவர் பேச்சிலேயே, ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள்.