உள்ளேயா, வெளியேயா? ஒலியட்டை டிரைவரின் இருப்பிடம் குறித்து ஓர் ஆய்வு

ஒலி எங்கே பிறக்கிறது என்ற வினாவுக்குத் தொல்காப்பியர் உந்தியில் தொடங்கி விடை சொன்னார். எழுத்ததிகாரத்தில் பிறப்பியல் என்று அதற்கென ஓர் இயலே ஒதுக்கினார். நெட்வொர்க் வழியாக விண்டோஸ் எக்ஸ்பி ஏற்றிய கணிப்பொறியில் ஒலி எங்கே பிறக்கிறது என்பதை மட்டும் விட்டுவிட்டார். அந்தக் குறையை நிரப்புவதே இவ்வாய்வின் நோக்கம்.

ஆய்வுக்களம்: ஒரு பொறியியல் கல்லூரியின் கணிப்பொறி லேப். தரவு: 40 இயந்திரங்கள். லேபில் ஒரு ஸ்பீக்கர்கூடக் கிடையாது என்பது ஆய்வு எல்லையாகக் கொள்ளப்படுகிறது. “அப்புறம் சவுண்ட் கார்டுக்கு டிரைவர் எதற்கு?” என்று வாய்மொழித் தேர்வில் கேட்கக்கூடும். டிரைவர் இல்லாத எக்ஸ்பி சும்மா இருக்காது. லாக்-இன் செய்யும் ஒவ்வொருவரையும் ‘புது வன்பொருள் கண்டேன்’ என்று ஒரு பெட்டி மறிக்கும். டிவைஸ் மேனேஜரில் ‘மல்டிமீடியா ஆடியோ கன்ட்ரோலர்’ என்ற பெயருக்குப் பக்கத்தில் மஞ்சள் கேள்விக்குறி குந்தியிருக்கும். மாணவர்கள் அந்தப் பெட்டியைக் காட்டி, “சார், சிஸ்டம் ரிப்பேர்” என்று ரெக்கார்டு எழுதாமல் தப்புவார்கள். (மாணவர் எல்லாருக்கும் அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமை ஏன் கொடுக்கப்பட்டிருந்தது என்பது தனி ஆய்வேட்டுக்கு உரியது.)

முன்னாய்வுகள் பெரும்பாலும் சிடி மரபைச் சார்ந்தவை. ஒரு சிடி, 40 இயந்திரம், ஒரு லேப் அசிஸ்டென்ட். ‘நெக்ஸ்ட், நெக்ஸ்ட், ஃபினிஷ்’. விண்டோஸ் 2000 சர்வரோடு வந்த ரிமோட் இன்ஸ்டலேஷன் சர்வீசஸ், சுருக்கமாக ரிஸ், இம்மரபை உடைத்தது. இயந்திரத்தை ஆன் செய்து எஃப் 12 தட்டினால் போதும், சர்வரே மீதியைப் பார்த்துக்கொள்ளும். தொடக்கக் கோப்புகளை அது டி.எஃப்.டி.பி. என்ற நெறிமுறையில் அனுப்பும். அதன் முதலெழுத்து ‘அற்பமான’ என்ற சொல்லைக் குறிப்பது. 512 பைட் கொண்ட ஒரு பிடியைக் கொடுத்துவிட்டு, ‘வந்து சேர்ந்தது’ என்று பதில் வந்தபின்னரே அடுத்த பிடியைக் கொடுக்கும். ரேஷன் கடையில் நின்றவர்களுக்கு இம்முறை புதிதன்று.

இனி ஒலியின்மையின் காரணம். எக்ஸ்பி வெளிவந்தது 2001 அக்டோபர் 25. எங்கள் மதர்போர்டிலிருந்த இன்டெல் 845ஜி சிப்செட் பிறந்தது 2002. பின்னால் பிறக்கப்போகும் பிள்ளையின் பெயரை முன்னால் அச்சான பத்திரிகையில் தேடிப் பயனில்லை. பெயர்தான் தெரியாதே தவிர கோத்திரம் தெரியும். ஒவ்வொரு பிசிஐ கருவியும் தன் உற்பத்தியாளரின் எண்ணைச் சொல்லிக்கொண்டே எழும். இன்டெலின் எண் 8086. 1978இல் வந்த தன் பழைய சிப்பின் பெயரையே கோத்திரமாக வைத்துக்கொண்ட குடும்பம் அது. ஆனால் 1997இல் இன்டெல் வகுத்த ஏசி’97 முறையில் கணக்குப் பார்ப்பது ஒரு சிப், பாடுவது இன்னொரு சிப். எங்கள் போர்டில் பாடிய சிப்பின் முதுகில் நண்டுச் சின்னம், தைவானின் ரியல்டெக். கோத்திரம் இன்டெல், குரல் நண்டு. டிரைவரை எந்த வீட்டில் போய்க் கேட்பது என்பதிலேயே அரைநாள் போயிற்று.

டிரைவர் கிடைத்தபின் எழுந்ததுதான் இவ்வாய்வின் மையச் சிக்கல். டிரைவரை ரிஸ் வழியே அனுப்ப, சர்வரில் ‘டாலர் ஓ.ஈ.எம். டாலர்’ என்று இருபுறமும் டாலர் காவல் நிற்க ஒரு ஃபோல்டர் உருவாக்கி, அதற்குள் ‘டாலர் 1’, அதற்குள் ‘டிரைவர்ஸ்’ என்று அடுக்க வேண்டும். அந்த ‘டாலர் 1’ புது இயந்திரத்தில் சி டிரைவாக மாறும். சரி, இந்த டாலர் ஃபோல்டர் இருக்க வேண்டியது எக்ஸ்பியின் நிறுவல் கோப்புகள் குடியிருக்கும் ‘ஐ386’ ஃபோல்டருக்கு உள்ளேயா, பக்கத்திலா?

லேபின் மூத்தவரான அண்ணன் உள்ளிருப்புக் கொள்கையினர். “தம்பி, நெட்வொர்க் கார்டு டிரைவரை எங்க போட்டோம்? ஐ386 உள்ளதானே? அப்ப இதுவும் உள்ளதான்.”

“அண்ணே, அது சர்வரோட பேசறதுக்கே வேணும். அதனால வாசல்லயே வெச்சோம். இது அப்புறம் வர்ற விருந்தாளி.”

“விருந்தாளின்னா வெளிய நிறுத்துவியா?”

வயதுக்கு மரியாதை தந்து உள்ளே வைத்தோம். எஃப் 12. நீலத்திரை. பிறகு ‘39 நிமிடங்களில் முடியும்’ என்ற அறிவிப்பு. அந்த 39, கடிகாரத்தின் 39 அன்று என்பதை ஆய்வாளர் இரண்டு டீக்குப் பிறகு உணர்ந்தார். முடிவில் மஞ்சள் கேள்விக்குறி இருந்த இடத்திலேயே இருந்தது. சி டிரைவில் ‘டிரைவர்ஸ்’ ஃபோல்டரே இல்லை. விருந்தாளி புறப்படவே இல்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

அண்ணன் சொன்னது தவறென்று எழுதினால் அது நேர்மையாகாது. சாதாரண நெட்வொர்க் ஷேரிலிருந்து எக்ஸ்பி போடும் மரபில் டாலர் ஃபோல்டர் ஐ386க்கு உள்ளேதான் இருக்கும். ரிஸ் மரபில் அது ஐ386க்குப் பக்கத்தில், சம அந்தஸ்தில் இருக்கும். இரண்டும் செல்லும் பாடங்களே. ஓர் ஏட்டின் பாடத்தை மற்றோர் ஏட்டில் ஏற்றியதால் வந்த வழு இது. பதிப்பாசிரியர்கள் அறியாத வழுவும் அன்று.

நிறுவும்போது எக்ஸ்பி கேட்கும் கேள்விகளுக்கு முன்கூட்டியே பதில் எழுதிவைக்கும் விடைக்கோப்பையும் திருத்த வேண்டியிருந்தது. அதன் பெயர் ‘ரிஸ்ட்ண்டர்ட்’. ஆங்கிலத்தில் எட்டெழுத்து, உயிர் ஒன்றே ஒன்று, மீதி ஏழும் மெய். எட்டெழுத்துக்குள் அடக்கப் பெயரின் உயிரை எடுத்த காலத்தின் கல்வெட்டு அது. அதில் முன்னேற்பாடு ‘உண்டு’ என்றும், கையெழுத்தில்லாத டிரைவரைக் ‘கண்டுகொள்ளாதே’ என்றும், தேட வேண்டிய பாதை ‘டிரைவர்ஸ், சவுண்ட்’ என்றும் எழுதினோம்.

இரண்டாம் முறை. சி டிரைவில் ஃபோல்டர் வந்திருந்தது. ஒலி வரவில்லை.

காரணம் நுட்பமானது. நாங்கள் குறித்த பாதை ‘சவுண்ட்’ வரை. டிரைவரை எக்ஸ்பிக்கு அறிமுகப்படுத்தும் ஐஎன்எஃப் கோப்போ ‘சவுண்ட்’டுக்குள் இன்னொரு ஃபோல்டரில். எக்ஸ்பி சொன்ன கதவை மட்டுமே தட்டும். உள்ளறையை எட்டிப் பார்க்காது. சம்பந்தி வீட்டுக்குப் போனவர் கூடத்திலேயே உட்கார்ந்துவிட்டுத் திரும்புவது போல. ஐஎன்எஃப், சிஸ், கேட் மூன்றையும் கூடத்துக்குக் கொண்டுவந்தோம்.

மூன்றாம் முறை, கடிகாரத்துக்கு அருகே குட்டி ஸ்பீக்கர் படம் எழுந்தது. அண்ணன் ஒன்றும் சொல்லாமல் டீ வாங்கிவரப் போனார், காசு அவருடையது.

மறுநாள் மீதி 39 இயந்திரங்களுக்கும் எஃப் 12. ஸ்பீக்கர் இல்லாத களம் என்பதால் ஆய்வாளர் தன் சொந்த ஹெட்போனை 40 இயந்திரங்களிலும் ஒவ்வொன்றாகச் செருகி, எக்ஸ்பியின் தொடக்க இசையைக் கேட்டு, நோட்டில் டிக் அடித்தார். 39 டிக் விழுந்தன. 40ஆவது மட்டும் பேசவில்லை. சி டிரைவைப் பார்த்தார், ஃபோல்டர் இருந்தது. விடைக்கோப்பைப் பார்த்தார்; சரியாக இருந்தது. கேள்விக்குறியும் இல்லை. மறுபடி முழுவதும் ஏற்றினார். இன்னொரு 39 நிமிடம். அப்போதும் மௌனம். அண்ணன் குனிந்து, இயந்திரத்தின் பின்புறம் பார்த்தார்.

“தம்பி, பச்சையில சொருகு. நீ மைக் ஓட்டையில சொருகியிருக்க.”