ஐந்து குண்டு அதிசயம்

கேள்வி: அமெரிக்காவில் சட்டைப்பைக்குள் அடங்கும் குட்டி ரிவால்வர் ஒன்று புதிதாக வந்தால், ரசிகர்கள் ஏன் அப்படிக் கொண்டாடுகிறார்கள்?

பதில்: மூர்த்தி சிறிது, கீர்த்தி பெரிது என்பதால்தான்! 1927-ல் வந்த கோல்ட் 'டிடெக்டிவ் ஸ்பெஷல்' இரண்டு அங்குலக் குழலோடு ஆறு குண்டுகளைச் சுமந்தது. 1950-ல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் 'சீஃப்ஸ் ஸ்பெஷல்' ஒரு குண்டைக் குறைத்து உடம்பை இளைத்துக்கொண்டது. ஒரு வாய் குறைத்தால் இடுப்பு சிறுக்கும் என்பது துப்பாக்கிக்கும் பொருந்துகிறது.

2009-ல் வந்த ரூகர் எல்.சி.ஆர். எனக்கு ரொம்பப் பிடித்தது. அலுமினியமும் பாலிமரும் சேர்ந்த உடம்பு. எடை சுமார் 380 கிராம். அரைக் கிலோ தக்காளியே அதைவிடக் கனம்! சுத்தியல் உள்ளே ஒளிந்திருப்பதால், எடுக்கும்போது துணியில் மாட்டாது. விசைக்குள் உரசலைக் குறைக்கும் அமைப்பு இருப்பதால் விரலுக்கு வழவழவென்று இழுபடும். பிறகு கிம்பர் கே6எஸ் வந்து, ஏறக்குறைய அதே அளவு குட்டி உடம்பில் ஆறாவது குண்டுக்கும் இடம் கண்டுபிடித்தது. அது நல்ல பொறியியல்.

ஆனால் நியூட்டன் யாருக்கும் தள்ளுபடி தரமாட்டார். எடை குறையக் குறைய, கையில் உதை கூடும். அதனால் முதலில் பார்க்க வேண்டியது நல்ல ரப்பர் கைப்பிடி. அதற்கும் முன்னால் வாங்க வேண்டியது, குழந்தைகள் கைக்கு எட்டாமல் துப்பாக்கியை வைக்க நல்ல பூட்டு.