காருக்குப் புள்ளி வைத்த கதை

எங்கள் வீட்டில் ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு இருக்கிறது. ஓடுகிறது என்று சொல்லவில்லை, இருக்கிறது. இங்கிலாந்தில் 1959-இல் வந்த டிரையம்ப் ஹெரால்டு, 1961-லிருந்து மதராஸில் பிறக்க ஆரம்பித்தது. மிக்கெலோட்டி என்ற இத்தாலிக்காரர் வரைந்த உருவம். பானட்டைத் தூக்கினால் மட்கார்டு, விளக்கு சகிதம் முன்பக்கம் முழுசும் ஒரேயடியாகச் சாயும். அந்த அழகில் மயங்கி வாங்கினேன். குனிந்து அடியில் பார்க்கவில்லை.

அம்பாசிடருக்கும் ஃபியட்டுக்கும் உடம்பேதான் எலும்பு. ஹெரால்டுக்கு மட்டும் தனியாகச் சேஸிஸ் உண்டு. அதன் இரண்டு பக்கமும் நீட்டியிருக்கும் கைகளில்தான் பாடி போல்ட் போட்டு உட்கார்ந்திருக்கும். பத்து வருஷத்துக்கு முன்னால் அந்தக் கைகள் துருப்பிடித்து உதிர்ந்தன. விவரமானவன் அதே கனத் தகட்டை மடித்து, அதே மாதிரி கை செய்து வைப்பான். நான் டிராக்டர் டிரெய்லர் அடிக்கிற பட்டறைக்குப் போனேன். "கெட்டியா ஒரு சேனலை வச்சு வெல்டு அடிச்சிருங்க, ஜென்மத்துக்கும் அசையக் கூடாது" என்று சொன்ன மகாபுத்திசாலி நானேதான்.

சேனல் அசையவில்லை. பக்கத்திலிருந்த மெல்லிய தகடுதான் கிழிந்தது. வெல்டிங்கோ, 2020-இல் புவிசார் குறியீடு வாங்கிய நம்மூர்க் கடலைமிட்டாய் மாதிரி, பருப்பும் பாகுமாக. வளைவில் திரும்பினால் கதவு தானே திறந்து ரோட்டோரம் நிற்பவர்களை ஏறச் சொல்லிக் கூப்பிடும். தெற்கே திருநெல்வேலிக்கு விட்டால் ஸ்டியரிங் கிழக்கே எட்டயபுரத்துக்கு இழுக்கும். பாரதி பிறந்த ஊர், பக்தி இருக்க வேண்டியதுதான், அதற்காகத் தினமுமா? மழை வந்தால் கரிசல் மண் சேனலுக்குள் அப்பிக்கொள்ளும். காலில் கிடக்கிற செருப்பையே பிடுங்கிக்கொள்ளும் மண், துரு தின்ன இடத்தை விடுமா? ஈரத்தை உள்ளே பூட்டிவைத்து மிச்சத்தையும் தின்றது.

இந்த வருஷம் எனக்கு ரோஷம் வந்தது. மெக்கானிக் அண்ணாச்சி வந்து, குனிந்து பார்த்து, "எந்தப் பாவி சார் இதை வச்சான்?" என்றார்.

"தெரியலையே" என்றேன்.

உள்ளேயிருந்து சம்சாரம், "பில்லு பீரோவுல இருக்கு" என்றாள்.

கதவு வாசலுக்குக் குறுக்கே கம்பி முட்டுக் கொடுத்து, சேனலை அறுத்தெடுத்தோம். புதுக் கைகளைப் பொட்டுப் பொட்டாகப் பற்றவைத்தோம், இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. ஒரேயடியாக வைத்தால் சூட்டில் இழுத்துக்கொள்ளுமாம். இந்தத் 'தோம்' எல்லாவற்றிலும் என் பங்கு, டார்ச் பிடித்தது. பிறகு போல்ட் ஓட்டைகளிலிருந்து தூக்குக்குண்டு விட்டு, குண்டு நின்ற இடத்திலெல்லாம் தரையில் சாக்பீஸ் புள்ளி. மூலைக்கு மூலை குறுக்காக டேப் பிடித்தால் இரண்டு அளவும் ஒன்றாக வர வேண்டும்; வந்தால் சேஸிஸ் நேர். அதற்குள் இருட்டிவிட்டது. "பூஜை முடிஞ்சு அளந்துக்கிடுவோம்" என்று அண்ணாச்சி கிளம்பினார். மறுநாள் ஆயுத பூஜை.

பூஜை முடிந்த மறுநாள் காலையில், அவர் வருமுன் நானே அளந்தேன். ஒரு இஞ்ச் வித்தியாசம்! இரண்டு தடவை அளந்தும் அதே ஒரு இஞ்ச். அண்ணாச்சிக்கு எதற்குச் சிரமமென்று, கோணலாக இருந்த புதுக் கையைக் கிரைண்டர் எடுத்து நானே அறுத்துவைத்தேன்.

அண்ணாச்சி வந்தார். "எதுலேர்ந்து அளந்தீங்க?" என்றார். புள்ளியைக் காட்டினேன். புள்ளியைப் பார்த்தார். அதைச் சுற்றி வளைந்து போன கோலத்தைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

சம்சாரம் காப்பியோடு வந்தாள். "பூஜைக்காவது அக்கறையாப் புள்ளி வச்சிருக்கீங்களேன்னு நெனச்சேன். ஒண்ணு மட்டும் வரிசைக்கு வரல. அழிச்சுத் தள்ளி வச்சு, கோலத்தை முடிச்சுட்டேன்."

கார் இன்னும் ஷெட்டில்தான் இருக்கிறது, ஒரு கை இல்லாமல். கோலத்தைச் சும்மா சொல்லக் கூடாது. மூலைக்கு மூலை அளந்து பார்த்தேன், நூல் பிசகவில்லை.