அட்லாண்டிக் கரையில் கலிஃபோர்னியா

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் பூகோளம் விருப்பப் பாடமாகிவிட்டது. கலிஃபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் 2024-இல் 'அட்லாண்டிக் கடற்கரை'க் கூட்டமைப்பில் சேர்ந்தன. அதே ஆண்டு 'பிக் டென்' கூட்டமைப்பின் உறுப்பினர் எண்ணிக்கை 18 ஆனது. கணிதத் துறைகள் ஏன் வாய் திறக்கவில்லை என்று கேட்கக் கூடாது. ஃபாக்ஸ், சிபிஎஸ், என்பிசி ஆகிய தொலைக்காட்சி நிறுவனங்களுடன் 2022-இல் 'பிக் டென்' போட்ட ஏழாண்டு ஒப்பந்தம் 700 கோடி டாலருக்கு மேல் என்று செய்தி வந்ததுமே, பத்தும் பதினெட்டும் ஒன்று என்பது நிரூபணமாகிவிட்டது. நியூ ஜெர்சி முதல் லாஸ் ஏஞ்சலிஸ் வரை அணிகள் இருந்தால், சனிக்கிழமை நண்பகலிலிருந்து நள்ளிரவுவரை திரை காலியாகாது, காரணம் அவ்வளவுதான்.

அமெரிக்கக் கால்பந்து கொண்டுவரும் பணம்தானே மற்ற விளையாட்டுகளைக் காப்பாற்றுகிறது என்பார்கள். பெரும்பாலும் உண்மையே. ஆனால் கால்பந்து அணி ஆடுவது பொதுவாக வாரத்துக்கு ஒரு முறை. காப்பாற்றப்பட்ட வாலிபால் பெண்கள்தான் வார நடுவிலும் கண்டத்தைக் கடந்து, விமானத்தில் தேர்வுக்குப் படிக்க வேண்டியிருக்கிறது. பழைய போட்டி உறவுகள் அழியாதா என்றால், அதற்கும் வழி உண்டு: 1915-இல் வேர்விட்ட 'பேக்-12' கூட்டமைப்பில் 2024-இல் மிஞ்சியவை ஆரிகன் ஸ்டேட், வாஷிங்டன் ஸ்டேட் இரண்டே. ஆளுக்கொரு எதிரி, அட்டவணை போடுவதும் சுலபம்.