தளம் போட ஒரு நாள், தண்ணீர் விட 14 நாள்

1978-இல் பாளையங்கோட்டையில் ஒரு கார் ஷெட்டுக்குத் தளம் போட நினைத்தவர் முதலில் சிமெண்டு பர்மிட்டுக்கு மனுப் போட வேண்டும். தாழையூத்து ஆலை 1949-லிருந்து ஓடிக்கொண்டிருந்தது. பஸ் ஏறினால் சிறிது நேரத்தில் அதன் வாசலில் இறங்கிவிடலாம். ஆனால் அங்கே அரைபடும் சிமெண்டில் ஒரு மூட்டை வேண்டுமென்றால் எதற்காக, எவ்வளவு என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். சிமெண்டின் விலையும் விநியோகமும் அரசாங்கத்தின் கையில் இருந்த காலம் அது. 1982 பிப்ரவரி கடைசியில் அந்தக் கட்டுப்பாடு பாதி தளர்ந்தது; 1989 மார்ச்சில்தான் முழுக்க நீங்கியது.

என் பெரியப்பா ஓர் அம்பாசடரைப் பிளஷராக, அதாவது வாடகைக் காராக, ஓட்டி வந்தார். ஷெட்டின் தரை வெறும் மண். ஐப்பசியில் மழை பிடித்தால் டயர் புதையும். வண்டிக்கு அடியில் படுத்து ஒரு நட்டைக்கூட முடுக்க முடியாது. 20 அடிக்கு 10 அடி இடம்தான். 20 மூட்டை கேட்டு மனுப் போட்டார். 12 மூட்டைக்குப் பர்மிட் வந்தது.

கொத்தனார் திண்ணையில் உட்கார்ந்து கரித்துண்டால் தரையிலேயே கணக்குப் போட்டார். 4 அங்குலக் கனத்தில் 200 சதுர அடிக்கு, 1:2:4 கலவையில் 12 மூட்டை சரியாக இருக்கும். மேல்பூச்சுக்குத் தனியாக மிஞ்சாது. “மேல்பூச்சு வேண்டாம் அண்ணாச்சி. காங்கிரீட்டுலயே சிமெண்டுப் பாலை வர வச்சு இழைச்சிருதேன்” என்றார். பெரியப்பாவுக்கு மனம் ஒப்பவில்லை. பூச்சு இல்லாத தரை என்ன தரை என்று நினைத்தார். இருந்தாலும் வேறு வழி இல்லை. அந்தத் தட்டுப்பாடு அவருக்கு எவ்வளவு பெரிய நன்மை செய்தது என்பது எனக்கே வெகுகாலம் கழித்துத்தான் விளங்கியது. காய்ந்த கான்கிரீட்டின் மேல் பிறகு பூசும் மெல்லிய பூச்சு அடியோடு ஒட்டாமல் தனி ஏடாக நிற்கும். டயர் திரும்பும் இடத்தில் முதலில் பெயர்வது அதுதான். ஒரே வார்ப்பாகப் போட்டு அதிலேயே இழைத்த தளத்தில் பெயர்வதற்கு இன்னொரு ஏடு கிடையாது.

முதலில் சரள் கொட்டித் தண்ணீர் தெளித்துத் திமிசுக்கட்டையால் இடித்தார்கள். இடிக்க இடிக்க ஓசை மாறும். மண் இறுகிவிட்டதை அந்த ஓசையிலேயே கொத்தனார் கண்டுகொண்டார். வாசலை நோக்கி வாட்டம் வேண்டும் என்று 20 அடி நீளத்துக்கு இரண்டரை அங்குலம் இறக்கிக் கயிறு கட்டினார். மணல் தாமிரபரணியிலிருந்து மாட்டு வண்டியில் வந்தது. சித்தாள் பெண்கள் இருவர் அதைச் சலித்துச் சலித்து மாய்ந்தார்கள். மணலையும் ஜல்லியையும் அளக்க ஒரு மரப்பெட்டி இருந்தது. சரியாக ஒரு மூட்டை சிமெண்டு பிடிக்கும், அதாவது 35 லிட்டர். பெட்டியைத் தலை தட்டாமல் யாரும் கவிழ்க்கக் கூடாது என்பதில் அவர் கறாராக இருந்தார்.

அதைவிடக் கறார் தண்ணீரில். கலவையைச் சட்டியில் சுமக்கிறவர்களுக்கு அது கொஞ்சம் இளகி இருந்தால் நல்லது. கொட்டினால் தானாகப் பரவும். அவர் விடமாட்டார். மம்பட்டியால் புரட்டும்போதே குடத்தைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார். அவருடைய பிடிவாதத்துக்குப் பின்னால் நல்ல விஞ்ஞானம் இருந்தது. சிமெண்டோடு சேர்ந்து கல்லாக மாறும் வினைக்கு அதன் எடையில் ஏறத்தாழக் கால் பங்கு தண்ணீர் போதும். கையாளும் பதம் வருவதற்காக மேற்கொண்டு ஊற்றுகிறோம். அந்த உபரி பிறகு ஆவியாகி வெளியேறும்போது, அது இருந்த இடமெல்லாம் நுண்துளையாக நிற்கும். தண்ணீருக்கும் சிமெண்டுக்கும் உள்ள விகிதமே கான்கிரீட்டின் வலிமையைத் தீர்மானிக்கிறது என்று சிகாகோவில் டஃப் ஆப்ராம்ஸ் 1918-இல் எழுதி வைத்தார். எங்கள் கொத்தனார் அவர் பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார். “தண்ணியா கலக்குன தளம் நாளைக்குத் தூசியா வரும்” என்பார். இரண்டு பேரும் சொன்னது ஒன்றுதான்.

அது ஆனி மாதம். ஆடி பிறந்தால் வேலை தொடங்கக் கூடாது என்று பெரியம்மா அவசரப்படுத்தினார். ஆனால் திருநெல்வேலியில் ஆனி என்றால் காற்று. செங்கோட்டைக் கணவாய் வழியாக இறங்கும் மேல்காற்று மழையை மலைக்கு அந்தப்புறமே விட்டுவிட்டு, காய்ந்த காற்றாக எங்கள் பக்கம் வந்து வீசும். ஈரத் துணி கண்முன்னே உலரும். புதுத் தளத்துக்கு இதைவிடப் பகை வேறில்லை. ஒரு சதுர மீட்டர் பரப்பிலிருந்து மணிக்கு ஒரு கிலோ தண்ணீர் என்ற அளவைத் தாண்டி ஆவியானால், இறுகாத கான்கிரீட்டின் மேல்தோல் சுருங்கி, போட்ட சில மணி நேரத்திலேயே மயிரிழை மயிரிழையாக வெடிக்கும். கொத்தனார் ஷெட்டின் மேற்குப் பக்கம் முழுக்கக் கிடுகு கட்டி மறைத்தார். வெயில் தாழ்ந்த பிறகே முதல் சட்டியைக் கொட்ட விட்டார். தளத்தைக் குறுக்கே நான்கு பத்தியாகப் பிரித்து, ஒன்று விட்டு ஒன்றாக ஒரு நாள் இரண்டு பத்தி, பிறகு மற்ற இரண்டு என்று போட்டார். கான்கிரீட் இறுகும்போது சுருங்கத்தான் செய்யும், எங்காவது வெடிக்கத்தான் செய்யும். அந்த வெடிப்பு பத்திகளின் சந்தில் நேர்கோடாக விழட்டும் என்பது அவர் ஏற்பாடு.

மட்டப்பலகையால் இழுத்து, ரசமட்டம் வைத்துப் பார்த்ததும் அவர் எழுந்து போய் வெற்றிலை போட்டுக்கொண்டார். மேலே தண்ணீர் கசிந்து பளபளவென்று நின்றது. கையாள் பையன் அதன் மேல் சிமெண்டைத் தூவிக் கரணையால் இழுத்துவிடலாமே என்றான். தூவ சிமெண்டு இல்லை. இருந்திருந்தாலும் அவர் விட்டிருக்க மாட்டார். கசிந்த தண்ணீர் போகுமுன் மேலே தேய்த்தால் அந்தத் தண்ணீர் மேல்தோலுக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். அந்தத் தோல் வலுவில்லாமல் மாவாக உதிரும். பளபளப்பு மறைந்து, பெருவிரலை அழுத்தினால் லேசாகத் தடம் விழும் பதம் வந்தபோது இருட்டிவிட்டது. பெட்ரோமாக்ஸ் ஏற்றினோம். பலகை மேல் குந்தி, முதலில் மணியாசுக்கட்டையால் வட்ட வட்டமாகத் தேய்த்துப் பாலை மேலே கொண்டுவந்தார். பிறகு கரணை. ஒரு கை இழுத்துவிட்டுக் காத்திருப்பார். இன்னும் கொஞ்சம் இறுகியதும் மறு கை. கடைசிக் கையில் கரணை கான்கிரீட்டின் மேல் கீச்சென்று ஓசையிட்டது. அந்தத் தளத்தின் வழவழப்பு எல்லாம் அந்தக் காத்திருப்பில் வந்தது என்று நான் நம்புகிறேன்.

மறுநாள் காலையில் வேலை பெரியம்மாவின் கைக்கு வந்தது. அப்போது சிமெண்டு சணல் சாக்கில் வரும். காலியான 12 சாக்குகளையும் பிரித்து நனைத்துத் தளத்தின் மேல் விரித்தார்கள். அடுத்த நாள் களிமண்ணால் சுற்றிலும் வரப்புக் கட்டி, கிணற்றிலிருந்து இறைத்து ஓர் அங்குலம் தண்ணீர் நிறுத்தினார்கள். காலையிலும் சாயங்காலமும் குறைந்ததை ஊற்றி நிரப்பியது பெரியம்மா. மேல்காற்று வீசிய நாட்களில் மத்தியானமும் ஒரு தடவை. அவருக்கு முழங்கால் வலி உண்டு. குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு சற்றுச் சாய்ந்தே நடப்பார். அம்பாசடர் வேப்பமரத்தடியில் நின்றது. வண்டியை உள்ளே விட பெரியப்பா துடித்தபோதெல்லாம் மறித்தது அவர்தான். அந்தத் தளத்தைப் பற்றி ஊரில் யார் பேசினாலும் கொத்தனார் பேரைச் சொன்னார்கள், பெரியப்பா செய்த செலவைச் சொன்னார்கள். பெரியம்மாவின் பேரை யாரும் சொன்னதில்லை. இன்றும் அந்தத் தளம் இருக்கிறது. எண்ணெய்க் கறை கறுத்திருக்கிறது, ஓர் ஓரம் சிதைந்திருக்கிறது. பெருக்கினால் தூசி வருவதில்லை.

இனி இப்போதைய கதை. பெரியப்பாவின் பேரன் பெங்களூரில் வேலை பார்த்துக்கொண்டே பாளையங்கோட்டை எல்லையில் வீடு கட்டுகிறான். கார் பார்க்கிங்குக்குத் தளம் போடும் எஸ்டிமேட்டைப் பார்க்கச் சொல்லி எனக்கு அனுப்பினான். படிக்கவே சந்தோஷமாக இருந்தது. மண்ணின் மேல் பாலிதீன் விரிப்பு, கம்பி வலை, அதைத் தூக்கி நிறுத்தக் கவர் பிளாக், எம்25 ரெடிமிக்ஸ், வைப்ரேட்டர், பவர் ட்ரோவல், மறுநாள் மெஷினால் கனத்தில் கால் பங்கு ஆழத்துக்குக் கோடு வெட்டுவது வரை ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி, ஒரு தொகை. எங்கள் கொத்தனாருக்கு இதில் பாதி கிடைத்திருந்தால் கண்ணில் ஒற்றிக்கொண்டிருப்பார். தண்ணீர் விடுவதற்கு மட்டும் வரி இல்லை. காண்டிராக்டருக்குப் போன் போட்டுக் கேட்டேன். “கியூரிங் ஓனர் சைடு சார்” என்றார். ஓனர் பெங்களூரில் இருக்கிறான், வீடு பூட்டிக் கிடக்கிறது.

இது அந்த ஒரு காண்டிராக்டரின் பழக்கம் இல்லை. ஊரெங்கும் இப்படித்தான் எழுதுகிறார்கள். என்னை வருத்துவது அதுவே. ஏனென்றால் இன்றைய சிமெண்டுக்குத் தண்ணீர் முன்னைவிட அதிக நாள் வேண்டும். இப்போது வீட்டு வேலைக்குப் பெரும்பாலும் வருவது அனல்மின் நிலையச் சாம்பல் கலந்த பிபிசி சிமெண்டு. நல்ல சரக்கு, எனக்கு அதில் குறை இல்லை. ஆனால் அந்தச் சாம்பல் தானாக இறுகாது. சிமெண்டு இறுகும்போது விடுபடும் சுண்ணாம்போடு சேர்ந்து, ஈரம் இருக்கும்வரை மெல்ல மெல்லத்தான் அது வினைபுரியும். அதனால்தான் கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதியான ஐஎஸ் 456 சாதாரண சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாள், கலப்பு சிமெண்டுக்கு 10 நாள் என்று வைத்து, அதை 14 நாளாக நீட்டுவது நல்லது என்றும் சொல்கிறது. 7 நாள் போதும் என்ற சிமெண்டுக்குப் பெரியம்மா கணக்குப் பார்க்காமல் தண்ணீர் ஊற்றினார். 14 நாள் கேட்கும் சிமெண்டுக்கு இன்று மூன்றாம் நாளே ஹோஸைச் சுருட்டி வைத்துவிடுகிறார்கள். பர்மிட் போட்டுச் சிமெண்டு வாங்கிய காலத்தில் கிணற்றில் தண்ணீர் கிடந்தது. இன்று ஒரு போனில் லாரியோடு கான்கிரீட் வாசலுக்கு வருகிறது. தண்ணீருக்கு டேங்கர் சொல்ல வேண்டியிருக்கிறது.

தளம் போடும் அன்று நான் போயிருந்தேன். மிக்ஸர் லாரி வந்து நின்றதும் ஒரு பையன் ஹோஸை எடுத்துக்கொண்டு டிரம் பக்கம் போனான், சரக்கு இறுக்கமாக இருக்கிறதாம். ஆலையில் கிராம் சுத்தமாக அளந்து அனுப்பியதை வாசலில் கண்ணை மூடிக்கொண்டு கெடுக்கிற இந்த வேலையை நான் எத்தனையோ இடத்தில் பார்த்திருக்கிறேன். கையைப் பிடித்துத் தடுத்தேன். உள்ளே குறைவாக, வெளியே நிறைய என்பதே கான்கிரீட்டுக்குத் தண்ணீர் கொடுக்கும் முறை. நம் ஊரில் அதை அப்படியே தலைகீழாகச் செய்கிறோம்.

லாரி போனபின் கவனித்தேன், அங்கே ஒரு சித்தாள்கூட இல்லை. தலையில் சட்டி சுமந்து கழுத்தெலும்பு தேய்ந்த பெண்களை நான் நேரில் பார்த்து வளர்ந்தவன். அந்தச் சுமையைக் கான்கிரீட் குழாய் ஏற்றுக்கொண்டதில் எனக்கு முழு மகிழ்ச்சி. ஆனால் சுமையோடு அவர்களுடைய கூலியும் போய்விட்டது. தளத்துக்கோ 14 நாள் பக்கத்தில் இருந்து பார்க்கத் தெரிந்த ஓர் ஆள் வேண்டும். காண்டிராக்டரோடு பேசி எஸ்டிமேட்டில் அந்த வரியை எழுத வைத்தோம். 14 நாள், ஓர் ஆள், நாள் கூலி. பெங்களூரிலிருந்து பேரன், “சித்தப்பா, மேலே அடிக்கிற கியூரிங் காம்பவுண்டு போதாதா?” என்று கேட்டான். நியாயமான கேள்வி. தண்ணீர் கிடைக்காத இடத்தில் அது நல்ல உபாயம். மேல்பளபளப்பு மறையும் நேரம் பார்த்து அடித்தால் ஈரத்தை உள்ளே பூட்டி வைக்கும். ஆனால் மெழுகு கலந்த காம்பவுண்டு அடித்த தரையில், அதைச் சுரண்டி எடுக்காமல் பிறகு பெயின்டோ எபாக்ஸியோ ஒட்டாது. அவனுக்கு எபாக்ஸி போடும் ஆசை இருந்தது. ஒத்துக்கொண்டான்.

வேலைக்கு வந்தவர் முப்பது வருஷத்துக்கு மேல் சித்தாளாக இருந்த ஓர் அக்கா. தளத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது சாக்கு. சிமெண்டு இப்போது பிளாஸ்டிக் பையில் வருகிறது. அது சொட்டுத் தண்ணீரைப் பிடித்து வைக்காது. “இது எதுக்கு ஆவும் அண்ணாச்சி? சணல் சாக்கு வாங்கித் தாங்க. அதுக்கு மேல சொட்டுச் சொட்டா விடணும். ஹோஸ்ல நேரா அடிச்சா பால் அத்துப்போவும்” என்றார். காய்கறி மண்டியில் அலைந்து உருளைக்கிழங்கு வந்த பழைய சாக்குகளைக் கொண்டுவந்து கொடுத்தேன். மறுநாள் சாயங்காலம் வரப்புக் கட்டினார். டேங்கர் வராத நாளில் காண்டிராக்டரைப் போனில் கூப்பிட்டு அவர் போட்ட சத்தம் தெருமுனை வரை கேட்டது.

எதிர் மனையில் அடுத்த வாரம் மொட்டை மாடிக்குக் கான்கிரீட். அந்த வீட்டு அம்மா வந்து விசாரித்துவிட்டுப் போனார். அக்கா நாள் கூலியோடு சாக்குக்குத் தனியாக வாடகையும் கேட்டிருக்கிறார். கொடுப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன்.